கழிவு யார் கணக்கில்? கொல்கத்தாவும் உலக வணிக விதிகளும்

1996ஆம் ஆண்டின் பிற்பகுதியில், நான்கு மாதத்துக்குள், உச்ச நீதிமன்றம் மூன்று தீர்ப்புகளை வழங்கியது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள்மீது வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. கடலோர இறால் பண்ணைகளை எதிர்த்துத் தமிழ்நாட்டின் காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் டிசம்பர் 11 அன்று வந்தது. கொல்கத்தாவின் தாங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளில் இருந்த தோல் ஆலைகள் நகரை விட்டு வெளியேற வேண்டும் என்ற உத்தரவு டிசம்பர் 19 அன்று வந்தது. மூன்று அமர்வுகளுக்கும் தலைமை வகித்தவர் நீதிபதி குல்தீப் சிங். மூன்று வழக்குகளிலும் விசாரணைக்கு வந்த சரக்கு, பெரும்பாலும் வெளிநாட்டுச் சந்தைக்காகத் தயாரானது.

தோலும் இறாலும் கப்பலேறிப் போயின. குரோமியமும் உப்பும் இங்கேயே தங்கின. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. அந்தச் சொல் வாணியம்பாடி ஆலை முதலாளியைத் தொட்டது. தாங்ராவில் தலைமுறைகளாகத் தோல் பதனிட்ட ஹக்கா சீனக் குடும்பங்களைத் தொட்டது. அந்தத் தோலை மலிவாக வாங்கிக் காலணியும் கைப்பையுமாக விற்ற ஐரோப்பிய வியாபாரியை அது தொடவில்லை. இந்திய நீதிமன்றத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. அந்தத் தூரம் நீளக்கூடியது வணிகக் கொள்கைதான்: சுங்கவரி, இறக்குமதித் தடை, தர விதி, நாடுகளுக்கிடையிலான ஒப்பந்தம். அவை சூழலையும் தட்பவெப்பத்தையும் காக்க உண்மையிலேயே உதவுமா என்று ஆராயக் கொல்கத்தாவைவிடப் பொருத்தமான ஊர் இந்தியாவில் குறைவு. தோலும் சணலும் வார்ப்பிரும்பும் ஒரே நதிக்கரை வட்டாரத்திலிருந்து உலகச் சந்தைக்குப் போகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான விதியைச் சந்தித்திருக்கிறது.

அந்த அனுபவங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாகத் தெரிவது இதுதான்: நிபந்தனை போடுகிறவர் அதற்கான செலவிலும் பங்கெடுத்த இடங்களில் விதி பலன் தந்திருக்கிறது. நிபந்தனையை மட்டும் அனுப்பிவிட்டுச் செலவை உற்பத்தியாளர் தலையில் விட்ட இடங்களில் மாசு இடம் மாறியிருக்கிறது, அல்லது விதி காகிதத்தோடு நின்றிருக்கிறது.

ஆமை வழக்கு சொன்ன பாடம்

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. உலக வணிக அமைப்பை உருவாக்கிய 1994ஆம் ஆண்டு மராகேஷ் உடன்படிக்கையின் முகவுரையிலேயே நீடித்த வளர்ச்சி ஒரு குறிக்கோளாக இருக்கிறது. அதற்கு முந்தைய காட் என்ற பொது வணிக ஒப்பந்தத்தின் 20ஆம் பிரிவு, உயிர்களைக் காக்கவும் தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்களைப் பேணவும் ஒரு நாடு இறக்குமதியைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது. ஆனால் ஒரே மாதிரியான இரண்டு பொருள்களை, அவை செய்யப்பட்ட விதத்தை வைத்து எல்லையில் வேறுபடுத்தக் கூடாது என்பதே நெடுங்காலம் செல்லுபடியான வாதமாக இருந்தது. இறால் என்றால் இறால்தான், அது எந்த வலையில் சிக்கியது என்று கேட்கக் கூடாது.

இந்த நிலையை மாற்றிய வழக்கில் இந்தியாவும் ஒரு தரப்பு. ஆமைகள் தப்பிச் செல்லும் சாதனம் பொருத்தாத இழுவலைகளில் பிடித்த இறாலை வாங்க மாட்டோம் என்று அமெரிக்கா 1989இல் சட்டம் இயற்றி, பிறகு அதை ஆசிய நாடுகளுக்கும் நீட்டியது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் உலக வணிக அமைப்பிடம் சேர்ந்து முறையிட்டன. 1998 அக்டோபரில் அதன் மேல்முறையீட்டு அமைப்பு அளித்த முடிவில் அமெரிக்கா தோற்றது. தோற்ற காரணம்தான் முக்கியம். ஆமையைக் காப்பது நியாயமான நோக்கம் என்று அமைப்பு ஒப்புக்கொண்டது. பிடிக்கும் முறையை வைத்து இறக்குமதியைத் தடுப்பதையும் அடியோடு மறுக்கவில்லை. கரீபியன் வட்டார நாடுகளுக்கு மூன்று ஆண்டு அவகாசமும் தொழில்நுட்ப உதவியும் தந்துவிட்டு, ஆசிய நாடுகளுக்கு நான்கே மாதம் கொடுத்ததைத்தான் பாரபட்சம் என்றது. அமெரிக்கா தன் நடைமுறையைத் திருத்திக்கொண்டது, 2001இல் அது ஏற்கப்பட்டது. அவகாசமும் உதவியும் இல்லாத நிபந்தனை நியாயமற்றது என்ற கருத்து உலக வணிகச் சட்டத்தில் அப்போதே பதிந்துவிட்டது. அதற்குப் பின் வந்த சட்டங்களை எழுதியவர்கள் அதைப் போதிய அளவு நினைவில் வைக்கவில்லை.

ஆமைகளுக்கு நடந்ததையும் பார்க்க வேண்டும். இந்திய இழுவலைப் படகுகளில் அந்தச் சாதனம் இல்லை என்பதால் 2019இலிருந்து நம் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்திருக்கிறது. பண்ணை இறாலுக்கு அந்தத் தடை இல்லை. ஏற்றுமதியில் பெரும்பங்கு பண்ணை இறால்தான் என்பதால் தடையின் வலி பரவலாக உறைக்கவில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. சந்தையை மூடியதால் மட்டும் வலை மாறிவிடவில்லை. விசைப்படகுக்காரர் கையில் அந்தச் சாதனமும், அதனால் நழுவிப்போகும் மீனுக்கு ஒரு ஈடும் கிடைத்திருந்தால் மாறியிருக்கக்கூடும்.

தோல்: எதைச் சோதிக்கிறார்கள்?

பென்டாகுளோரோபீனால் என்ற பூஞ்சைக்கொல்லி ஒரு காலத்தில் தோல் கெடாமல் இருக்கப் பரவலாகப் பயன்பட்டது. 1989 இறுதியில் ஜெர்மனி அதைத் தடை செய்தது. ஒரு கிலோ தோலில் 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் சரக்கு திரும்பிவிடும். சில ஆண்டுகளில், புற்றுநோய் உண்டாக்கும் அமின்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கும் தடை வந்தது. இந்தியத் தோல் தொழில் முதலில் தடுமாறியது, பிறகு மாறிக்கொண்டது. சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் மாற்று ரசாயனங்களை ஆராய்ந்து தந்தது, சோதனைக்கூட வசதியும் இருந்தது. 1997இல் இந்தியாவே அந்தச் சாயங்களைத் தடை செய்தது. வெளிநாட்டு விதி ஒன்று உள்நாட்டுச் சட்டமாகி, அந்தச் சாயங்களோடு வேலை செய்த தொழிலாளிக்கும் நன்மையாக முடிந்தது. குறிப்பிட்ட ரசாயனம், அளக்கக்கூடிய வரம்பு, கைக்கெட்டும் மாற்று மூன்றும் சேர்ந்திருந்ததால் நடந்தது இது.

ஆனால் ஹம்பர்க் ஆய்வுக்கூடம் சோதித்தது தோலை. பாலாற்றை யாரும் சோதிக்கவில்லை, தாங்ராவின் சாக்கடையையும் சோதிக்கவில்லை. பொருளில் எஞ்சியிருக்கும் நஞ்சு வாங்குகிறவரின் உடலுக்குக் கேடு, அதனால் அதற்கு விதி உண்டு. ஆற்றில் எஞ்சும் நஞ்சு இங்குள்ளவர்களுக்குக் கேடு, அதை இந்திய நீதிமன்றம்தான் கவனிக்க வேண்டியிருந்தது. வணிகக் கொள்கையைச் சூழல் நோக்கில் அளப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை: விதி யாருடைய உடலைக் காக்கிறது?

1996 உத்தரவுக்குப் பிறகு கொல்கத்தாவின் தோல் ஆலைகள் நகரின் தென்கிழக்கே பாந்தலாவுக்குப் போக வேண்டியிருந்தது. சுமார் 1,100 ஏக்கரில், பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தோடு அமைந்த அந்தத் தோல் வளாகம் 2005இல் திறக்கப்பட்டது. இடம் மாறும் செலவைத் தாங்க முடியாத சின்னப் பட்டறைகள் பல காணாமல் போயின. பாந்தலா இருப்பது கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்களின் ஓரத்தில். நகரின் சாக்கடை நீரை வாங்கி, வெயிலும் பாசியும் சேர்ந்து சுத்திகரிக்க, அதில் மீன் வளர்த்து, காய்கறி விளைவித்து நகரத்துக்கே திருப்பித் தரும் 12,500 ஹெக்டேர் பரப்பு அது. அதன் அருமையை உலகுக்குச் சொன்னவர் துருபஜோதி கோஷ் என்ற பொறியாளர். 2002இல் அது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வீட்டுக் கழிவை மீனாக்கத் தெரிந்த அந்தக் குளங்களுக்குக் குரோமியத்தை என்ன செய்வதென்று தெரியாது. சுத்திகரிப்பு நிலையம் ஒழுங்காக ஓடுகிறதா என்பதைப் பொறுத்தே அங்குள்ள மீனவரின் வாழ்வு இருக்கிறது.

2025 பிப்ரவரி 2 அன்று அந்த வளாகத்தில் பாதாளச் சாக்கடையைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தனர். பெருநகரங்களில் மனிதரைச் சாக்கடையில் இறக்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுச் சில நாள்களே ஆகியிருந்தன. அங்கிருந்து போகும் ஒவ்வொரு பையும் எத்தனையோ ரசாயனச் சோதனைகளைத் தாண்டித்தான் போகிறது. இந்த மூன்று உயிர்களைக் கேட்கும் படிவம் அதில் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறைவேற்றிய காடழிப்புத் தடுப்புச் சட்டத்தையும் இதே அளவுகோலால் அளக்கலாம். மாடு, கோகோ, காப்பி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் ஆகிய ஏழும், அவற்றிலிருந்து வரும் பொருள்களும், 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் உருவானவை அல்ல என்று நிலத்தின் இருப்பிடக் குறிப்போடு நிரூபிக்க வேண்டும். நிறைவேறிய வடிவத்தில் தோலும் உண்டு. நடைமுறைக்கு வரும் தேதி இருமுறை தள்ளிப்போனது. அமேசானில் காட்டை வெட்டி மேய்ச்சல் நிலமாக்குவதைத் தடுக்க அது தேவையான சட்டம் என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் நாட்டு மாட்டுத்தோல் ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து, பல தரகர் கை மாறி, சந்தைக்கு வருகிறது. அதன் சூழல் கேடு நீரில் இருக்கிறது, காட்டில் இல்லை. பிரேசிலின் நோய்க்கு எழுதிய மருந்துச் சீட்டை வங்காளத்துக்கும் நீட்டுவதால் காகிதச் செலவு கூடுமே தவிர பாந்தலாவின் கால்வாய் தெளியாது.

சணலுக்கு யார் பரிசளித்தார்கள்?

இதுவரை சொன்னவை எல்லாம் கெடுதலைத் தடுக்கும் விதிகள். நல்ல பொருளுக்கு வணிகக் கொள்கை ஏதாவது தருகிறதா? இந்தக் கேள்விக்கு ஹூக்ளிக் கரையே பதில் சொல்லும் இடம்.

1855இல் ஜார்ஜ் ஆக்லண்ட் ரிஷ்ராவில் முதல் சணல் ஆலையைத் தொடங்கியதிலிருந்து, கொல்கத்தாவுக்கு மேலும் கீழும் இரு கரையிலும் ஆலைகள் நெருங்கி எழுந்தன. உலகின் தானியமும் காப்பியும் சர்க்கரையும் இந்தக் கோணிகளில் பயணம் செய்தன. 1947இல் நாடு பிரிந்தபோது ஆலைகள் இந்தப் பக்கமும், சணல் வயல்களில் பெரும்பகுதி அந்தப் பக்கமும் நின்றன. பிறகு பாலிப்ரொப்பிலீன் சாக்கு வந்தது, மலிவாக, எடை குறைவாக. இன்று ஆலைகளின் உற்பத்தியில் சுமார் முக்கால் பங்கு சாக்கு, அதிலும் பெரும்பகுதியை வாங்குவது இந்திய அரசின் உணவுக் கொள்முதல் அமைப்புகள். 1987ஆம் ஆண்டுச் சட்டம் உணவு தானியத்தையும் சர்க்கரையில் ஒரு பகுதியையும் சணல் சாக்கில்தான் கட்ட வேண்டும் என்று கட்டாயமாக்கியதால் இந்தத் தொழில் உயிரோடு இருக்கிறது. சுமார் 40 லட்சம் உழவர் குடும்பங்கள் இதை நம்பியிருப்பதாக அரசு சொல்கிறது.

சுமார் 120 நாளில் விளையும், மண்ணில் மக்கும், அடுத்து நெல்லுக்கு வயலை விட்டுக்கொடுக்கும் பயிர் சணல். உலகச் சுங்கவரி அட்டவணையில் சணல் சாக்கின் எண் 6305.10, பிளாஸ்டிக் சாக்கின் எண் 6305.33. ஒரே தலைப்பின்கீழ் சில வரி இடைவெளியில் இரண்டும் இருக்கின்றன. ஒன்று பெட்ரோலியத்திலிருந்து வந்தது, மற்றது வயலிலிருந்து வந்தது என்பதற்காக எந்தப் பெரிய சந்தையும் சூழலை மனத்தில் வைத்துச் சுங்கவரியில் வேறுபாடு வைத்ததாக நான் அறியவில்லை.

அதற்கான யோசனை இல்லாமல் போகவில்லை. ஐ.நா. வணிக, வளர்ச்சி மாநாட்டு அமைப்பு 1990களிலேயே, சூழலுக்கு ஏற்ற பொருள்கள் என்று ஒரு வகையைப் பிரித்து, இயற்கை இழைகளுக்குச் சந்தையில் முன்னுரிமை வேண்டும் என்று வாதிட்டது. 2001இல் தொடங்கிய தோஹா சுற்றில் சுற்றுச்சூழல் பொருள்களுக்கு வரி குறைக்கும் பேச்சு நடந்தது. அது நகராதபோது, ஆசிய-பசிபிக் பொருளாதாரக் கூட்டமைப்பு 2012இல் 54 பொருள்களின் பட்டியலை ஒப்புக்கொண்டது. காற்றாலை உறுப்பு, சூரியத் தகடு, வடிகட்டி, அளவி என்று ஏறக்குறைய எல்லாமே இயந்திரங்கள். வயலோடும் தோப்போடும் தொடர்புள்ள ஒன்றே ஒன்று, மூங்கில் தரைப்பலகை. அந்த மேசையில் மூங்கில் நாடுகள் இருந்தன, சணல் நாடுகள் இல்லை. இந்தியாவும் வங்கதேசமும் அந்தக் கூட்டமைப்பில் உறுப்பினர்கள் அல்ல. 2014இல் தொடங்கிய சுற்றுச்சூழல் பொருள் ஒப்பந்தப் பேச்சு 2016 டிசம்பரில் முறிந்தது. அதிலும் இந்தியா சேரவில்லை. பணக்கார நாடுகளின் இயந்திரங்களுக்கு நம் சந்தையைத் திறந்துவிடும் தந்திரம் என்ற இந்தியாவின் ஐயத்தில் நியாயம் உண்டு. வெளியே நின்றதால் சணலுக்காகப் பேச ஆள் இல்லாமல் போனதும் உண்மை.

சணல் தொழிலிலேயே ஒரு விதி நன்றாக வேலை செய்திருக்கிறது. இழையை மிருதுவாக்க ஆலைகள் கனிம எண்ணெயைத் தெளிக்கும். அதன் வாடை கோகோவுக்கும் காப்பிக்கும் ஏறுகிறது என்று வாங்குவோர் புகார் சொன்னார்கள். சணல் விளைவிக்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து டாக்காவில் நடத்திய சர்வதேசச் சணல் அமைப்பு, 1998இல் உணவுப்பொருள் சாக்குக்கு ஒரு தரம் வகுத்து எண்ணெய்க்கு வரம்பு கட்டியது. தாவர எண்ணெய் கனிம எண்ணெயின் இடத்துக்கு வந்தது. விற்பவரும் வாங்குபவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து வகுத்த விதி அது. அந்த அமைப்பும், அதன் வாரிசாக வந்த ஆய்வுக் குழுவும் இப்போது இல்லை. அந்த இழப்பைப் பற்றி நம் நாட்டில் பேச்சே எழவில்லை என்பது எனக்கு வருத்தம்.

நம் கொள்கையின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2017 ஜனவரியில் வங்கதேச, நேபாளச் சணல் பொருள்கள்மீது இந்தியா பொருள்குவிப்புத் தடுப்பு வரி விதித்தது, ஐந்தாண்டு முடிந்ததும் நீட்டித்தது. 2025 ஜூனில், கச்சாச் சணல் முதல் நெய்த துணி வரை வங்கதேசச் சரக்குகள் பலவற்றை நில எல்லை வழியே தடுத்து, மும்பையருகே நவஷேவா துறைமுகம் வழியாக மட்டும் அனுமதித்தது. பெட்ராபோல் எல்லைச் சாவடி கொல்கத்தாவிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். அங்கே வந்திருக்க வேண்டிய சரக்கு தீபகற்பத்தைச் சுற்றிக் கப்பலில் மேற்குக் கரைக்குப் போக வேண்டும். இரு நாட்டு அரசியலின் சூட்டில் எடுத்த முடிவு அது. எரியும் எண்ணெயின் கணக்கை எந்தப் பக்கமும் கேட்கவில்லை. 2002இலேயே பாலித்தீன் பையைத் தடை செய்த நாடு வங்கதேசம், 2022 ஜூலையில் ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக்கைத் தடை செய்த நாடு இந்தியா. பிளாஸ்டிக்குக்கு எதிராகத் தோளோடு தோள் நிற்க வேண்டிய இரண்டில், ஒன்றின் சணலுக்கு மற்றொன்று கதவடைக்கிறது. உலகப் பிளாஸ்டிக் உடன்படிக்கைக்கான பேச்சு 2024இல் பூசானிலும் 2025 ஆகஸ்டில் ஜெனீவாவிலும் உடன்பாடின்றி முடிந்தபோது, இயற்கை இழைக்கான ஒருமித்த குரல் தெற்காசியாவிலிருந்து எழுந்திருக்க வேண்டும்.

சணலும் முற்றிலும் மாசற்றது அல்ல. அறுத்த தட்டைகளைக் குளத்தில் இரண்டு மூன்று வாரம் ஊறப்போடும்போது நீர் கறுத்து, ஆக்சிஜன் குறைந்து மீன் சாகும், மீத்தேனும் எழும். குறைந்த நீரில், குறைந்த நாளில் ஊறவைக்கும் நுண்ணுயிர்க் கலவையை பாரக்பூரிலுள்ள சணல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கி, 2015 முதல் தேசியச் சணல் வாரியத்தின் திட்டம் வழியாக உழவர்களிடம் கொண்டுபோகிறது. அது எல்லா வயல்களுக்கும் எட்டப் பணம் வேண்டும்.

ஹவுராவின் உலைகளும் கார்பன் வரியும்

நியூயார்க் தெருக்களின் பாதாளச் சாக்கடை மூடிகள் பலவற்றில் இந்தியத் தயாரிப்பு என்ற எழுத்து உண்டு. அவற்றை வார்ப்பதில் பேர்பெற்றது ஹவுரா. இறக்குமதிப் பொருளைச் செய்யும்போது வெளியான கார்பனுக்கு விலை கேட்கும் ஐரோப்பாவின் கார்பன் எல்லை வரி 2023 அக்டோபரில் அறிக்கை கேட்கும் கட்டமாகத் தொடங்கி, 2026 ஜனவரியிலிருந்து கட்டண நிலைக்கு வந்திருக்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவை அதில் அடங்கும். முதல் பட்டியலில் வார்ப்பிரும்புக் குழாய் உண்டு, சாக்கடை மூடி இல்லை. பட்டியலை விரிக்கும் முன்மொழிவு வந்துவிட்டதால் அந்த விலக்கு நிலைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. தன் உமிழ்வை அளந்து சான்றோடு காட்ட முடியாதவர்மீது ஐரோப்பா குறித்த உயர்ந்த மதிப்பு ஏற்றப்படும். பெரிய எஃகு ஆலை ஆலோசகரை வைத்துக் கணக்குக் காட்டிவிடும். நாற்பது பேர் வேலை செய்யும் பட்டறைக்கு அது எளிதல்ல.

இந்தியா இந்த வரியை எதிர்க்கிறது. 1992 ரியோ மாநாட்டில் ஏற்ற கொள்கைப்படி பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை. எல்லையில் ஒரே விலை போடுவது அதைக் குலைக்கிறது என்பது நம் வாதம், சரியான வாதம். வசூலைப் பிற நாடுகளின் உலைகளை மாற்றத் திருப்பித் தர வேண்டும் என்ற கட்டாயம் அந்தச் சட்டத்தில் இல்லாதது அதைவிடப் பெரிய குறை. ஆனால் 2010இல் நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் வரி போட்டு, 2016க்குள் 400 ரூபாயாக உயர்த்தி, 2017இல் அந்தப் பணத்தை ஜிஎஸ்டி இழப்பீட்டுக்குத் திருப்பிவிட்டது நாமேதான். உள்நாட்டில் செலுத்திய கார்பன் விலையை ஐரோப்பா கழித்துக்கொள்ளும். 2023இல் அறிவித்த கார்பன் வணிகத் திட்டத்தை எஃகுக்கு உறுதியாக விரித்தால், பிரஸ்ஸல்ஸுக்குப் போகும் பணம் இங்கேயே தங்கும்.

பணம் இங்கே தங்கினால் என்ன செய்ய முடியும் என்பதற்கு ஹவுராவிலேயே சான்று இருக்கிறது. 1998இல் டெரி என்ற ஆற்றல் ஆய்வு நிறுவனமும் ஸ்விட்சர்லாந்தின் வளர்ச்சி ஒத்துழைப்பு அமைப்பும் சேர்ந்து, இரு வரிசையில் காற்றூதி இரும்பை உருக்கும் குப்போலா உலையை ஒரு பவுண்டரியில் நிறுவிக் காட்டின. கோக் செலவு கணிசமாகக் குறைந்தது, புகையும் குறைந்தது. எந்த எல்லை வரியும் அப்போது இல்லை. பணமும் பொறியாளரும் பொறுமையும் இருந்தன.

வணிக விதி சூழலுக்குக் குறுக்கே நின்ற வழக்கையும் மறக்கக் கூடாது. சூரிய மின் திட்டத்தில் உள்நாட்டுத் தகடுகளைக் கட்டாயமாக்கியதற்காக அமெரிக்கா தொடுத்த வழக்கில் 2016இல் இந்தியா தோற்றது. தூய ஆற்றலுக்கு உள்நாட்டுத் தொழிலாளரின் ஆதரவைத் திரட்டும் கொள்கைக்கு அந்தச் சட்டத்தில் இடம் கிடைக்கவில்லை. இன்று பணக்கார நாடுகளும் அதே கொள்கையைக் கையாள்கின்றன.

2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழலுக்குத் தனி அத்தியாயம் இருக்கிறது. பிரிட்டனின் கார்பன் எல்லை வரி 2027இல் தொடங்கும். இத்தகைய பேச்சுகளில் இந்தியா வெறுமனே விலக்கு கேட்பதை விட்டு மூன்றைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. எல்லையில் வசூலாகும் கார்பன் பணத்தில் ஒரு பங்கு ஹவுரா, கோவை போன்ற ஊர்களின் சின்ன உலைகளுக்கு வர வேண்டும். தோலுக்குச் சான்று கேட்பவர்கள் கழிவுநீரையும் தொழிலாளர் பாதுகாப்பையும் சேர்த்துக் கேட்டு, அதற்கான செலவை விலையில் தர வேண்டும். சணலுக்கும் தென்னைநாருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் குறைந்த வரி என்று அட்டவணையில் எழுத வேண்டும். மூன்றாவதைக் கேட்பதற்கு முன் பெட்ராபோல் கதவைத் திறந்து, வங்கதேசத்தோடு சேர்ந்து சணல் ஊறும் நீருக்கு ஒரு பொதுத் தரம் வகுக்கலாம். எண்ணெய்க்கு 1998இல் வகுத்ததைப் போன்ற அந்த வேலைக்கு பாரக்பூரிலும் டாக்காவிலும் ஆய்வுக்கூடங்கள் இப்போதே இருக்கின்றன.